நடுவிலிருந்து தொடங்கத் தெரியாதவன்

ஏழெட்டு எத்தனை என்று அவனிடம் கேட்டால் உடனே பதில் வராது. உதடு மட்டும் அசையும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று அடியிலிருந்து ஏறி வந்து, அப்புறம்தான் "ஐம்பத்தாறு" என்பான். அப்போது அவனுக்கு மீசை அரும்பியாகிவிட்டது. இன்டர்மீடியட்டில், அதாவது ஆந்திராவில் ஜூனியர் காலேஜில் படிக்கிற ப்ளஸ் டூவில், கணக்குப் பிரிவு. வகுப்பில் முதல் மார்க்கு வாங்குகிறவன். எதைக் கேட்டாலும் அவன் முதலிலிருந்துதான் வருவான், வந்து சேர்கிற வரைக்கும் நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். எனக்கோ அன்றும் பொறுமை கிடையாது, இன்றும் கிடையாது.

திருப்பதியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. நீளமான ஒரே கட்டடத்தைக் குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நைனா சித்தூர் பஸ்ஸின் டிரைவர். அம்மா சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வேலையை விட மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். பெண் படிக்க வேண்டும் என்பதற்காக நைனாவும் நானும் இங்கே. பக்கத்துப் போர்ஷனில் அவனும் அவன் அப்பாவும். கோயில் தெருவிலிருந்த பூர்வீக வீட்டைப் பங்காளிகள் விற்றுவிட்டு, பிள்ளைகளோடு ஹைதராபாத், பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவன் அப்பா கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் இருந்தார். சின்ன வயதிலிருந்தே அவனுக்கும் அதில் இடம் உண்டு.

பாசுரம் கற்றுக்கொள்ள அவர்கள் வீட்டில் ஒரு முறை இருக்கிறது. சந்தை சொல்வது என்பார்கள். பெரியவர் ஒரு வரியை ஒரு தரம் சொல்வார். கேட்கிறவன் அதை அதே இழுவையோடு இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் பாட்டின் தொடக்கத்துக்கே போக வேண்டியதுதான். முதலில் நாக்கில் ஏற வேண்டும். அர்த்தமெல்லாம் பிறகு, சில பேருக்கு எத்தனையோ வருஷம் கழித்து. பாசுரத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும், நான் குறை சொல்ல வரவில்லை. இந்தப் புண்ணியவான் கணக்கையும் அப்படியே படித்தான்.

விடியற்காலையில் ஆரம்பிப்பான். சுவர் ஒற்றைச் செங்கல் சுவர், என் தலைமாட்டிலேயே உட்கார்ந்து சொல்கிற மாதிரி கேட்கும்.

"லெட் ஐ ஈக்வல் டு இன்டெக்ரல் ஈ பவர் எக்ஸ் சைன் எக்ஸ் டி எக்ஸ்..."

அதே வரி மறுபடியும். பிறகு அடுத்த வரி, அதுவும் இரண்டு தரம். பெருமாள் புறப்பாட்டில் கேட்கிற அதே ராகம், அதே நிறுத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கைகூப்பத் தோன்றும். ஒரு தரம் பிரித்துத் தொகையிட்டால் சைன் காஸாக மாறும். அங்கே குரலை உயர்த்தி, "அகெய்ன்..." என்று இழுப்பான். மறுபடியும் பிரித்தால், முதலில் ஐ என்று எதை வைத்துக்கொண்டோமோ அதுவே மைனஸோடு வந்து நிற்கும். அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் டூ ஐ. இரண்டால் வகுத்தால் விடை. கடைசியில் "ப்ளஸ் ஸீ" என்று மங்களம் பாடி முடிப்பான்.

தண்ணீர்க் குழாயடியில் ஒரு நாள் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, மொதல்ல வெச்ச ஐ எப்புட்றா கடைசில திரும்பி வருது? ரோசன பண்ணிப் பாத்தியா?"

"அது அப்படித்தான் வரும்."

"அதான் ஏன்?"

குடத்தைக் கீழே வைத்தான். உதடு அசைய ஆரம்பித்தது. முதல் வரியிலிருந்து முழுக் கணக்கையும் சொல்லி முடித்துவிட்டு, "வந்துடுத்தா?" என்றான். அவன் கேலி செய்யவில்லை. நான் எதைக் கேட்கிறேன் என்பதே அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று மத்தியானம் ஆத்திரத்தில் நானே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன் என்று கேட்டுப் பிரித்துப் போட்டேன். புரிந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அவன் மேல் இருந்த கோபத்தில்தான் எனக்குக் கணக்கு வந்தது என்று இப்போதும் சொல்வேன்.

கல்லூரியில் எங்கள் கணக்கு லெக்சரருக்கு அவன் செல்லப்பிள்ளை. அது கம்ப்யூட்டர் என்று யாராவது சொன்னாலே ஊர் முழுக்க எழுந்து நின்ற காலம். மாடு மேய்த்த வீட்டிலும் இன்ஜினியரிங் சீட்டு என்றுதான் பேச்சு. பப்ளிக் பரீட்சையில் கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்பார்கள். அதனால் லெக்சரர், "முந்து பட்டீ பட்டண்டி, அர்த்தம் தர்வாத" என்பார். பட்டீ என்றால் தெலுங்கில் உருப்போடுவது. உருப்போடுங்கள், அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். ஒரு நாள் அவனை மேடையேற்றி, "சாமி செப்பினட்டு அந்தரூ செப்பண்டி", சாமி சொல்கிறபடி எல்லாரும் சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டார். அவன் ஒரு வரி சொல்ல, அத்தனை பிள்ளைகளும் அதே ராகத்தில் இரண்டு தரம் சொன்னார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லார் முகமும் ஒரே மாதிரி ஆகி, கண் எங்கேயோ நிலைத்து, வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்காக என்னை வெளியே அனுப்பினார், நானும் நிம்மதியாகப் போனேன்.

அவன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பையன் படித்து வெளியே போவதில் அவருக்கு வருத்தம் இல்லை, அவரே அதற்குத்தான் ஆசைப்பட்டார். ஆனால் அந்த ராகத்தில் வேண்டாம் என்றார். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கெஞ்சியது கேட்டது.

"படிக்கறதுன்னா படி. வேண்டாங்கல. அந்த இழுவைல சொல்லாதேடா. பெருமாள் முன்னாடி நிக்கற நாக்கு அது. அதுக்கு இது வேற அது வேறன்னு தெரியாது. ரெண்டும் கலந்துடும்."

"எனக்கு வேற மாதிரி வரலைப்பா," என்றான் அவன்.



என் தூக்கத்துக்கு வருகிறேன். அவன் "அகெய்ன்" என்று குரலை உயர்த்தும்போதுதான் தினமும் எனக்கு முழு விழிப்பு வரும். வருகிற கோபத்தில் சுவரில் முஷ்டியால் இரண்டு குத்து விடுவேன். டொக், டொக். சட்டென்று நிறுத்துவான். அப்பாடா என்று புரண்டு படுப்பதற்குள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிடுவான். அதே இடத்துக்கு வருவான், நானும் அதே இடத்தில் குத்துவேன். நைனா பாயில் படுத்தபடியே சிரிப்பார்.

"விடும்மே. அவன் படிச்சிக்கினு கீறான், நீ தூங்கிக்கினு கீற. யாரு மேல தப்பு?"

கொஞ்ச நாளில் அவன் நிறுத்துவதை விட்டுவிட்டான். நான் தட்டுவேன், தட்டி முடித்ததும் அவன் ஒரு மூச்சு விட்டுவிட்டு மேலே போய்விடுவான். சரி, பழகிவிட்டது என்று நினைத்தேன். தட்டுவது எனக்கும் பழகிப்போய், பாதித் தூக்கத்திலேயே கை தானாகப் போகும்.

மாம்பழ சீசனில் அம்மாவைப் பார்க்கச் சித்தூர் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தேன். திரும்பிய மறுநாள் விடியற்காலை விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். சுவரில் குரல் கேட்டது. ஆனால் நான் போனபோது இருந்த குரல் இல்லை, கரகரத்துத் தேய்ந்திருந்தது. "அகெய்ன்..." என்றான். போகட்டும், இன்றைக்கு நல்லபிள்ளையாக இருப்போம் என்று நான் தட்டவில்லை.

அடுத்த வரி வரவில்லை.

மறந்துவிட்டானோ என்று நினைத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, சுவருக்கு ரொம்பப் பக்கத்தில். அப்புறம் முதல் வரியிலிருந்து வந்தான். அதே இடத்தில் நின்றான். மறுபடியும் வந்தான், மறுபடியும் நின்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் என் தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நான் ஊரில் இல்லாத அத்தனை நாளும் இப்படித்தான் காத்திருக்கிறான். பயந்துகொண்டே கையை நீட்டித் தட்டினேன். ஒரு மூச்சு விட்டு, தடங்கல் இல்லாமல் கடைசி வரைக்கும் போய் முடித்தான். என் கோபத்தையும் கணக்கின் ஒரு வரியாக அவன் உருப்போட்டிருந்தான்.

அதன் பிறகு நான் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தட்டினேன். நைனாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பப்ளிக் பரிச்சைல யாரு தட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பப்ளிக் பரீட்சை எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. மற்றதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். தெரிந்த வாத்தியார்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். நூற்றுக்கு நூறு. லெக்சரர் லட்டு கொடுத்தார். எல்லாரும் அவனுக்கு எந்த ஊரில் சீட்டு கிடைக்கும் என்றுதான் பேசினார்கள், கிடைக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சித்தூரில் இடம் போட்டிருந்தார்கள். நைனாவின் பஸ்ஸிலேயே போனோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். கண்டக்டர் "எந்த ஊர்?" என்று கேட்டு அவனைக் கலைத்துவிட்டார். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தான். நான்தான் டிக்கெட் வாங்கினேன். ஊர் நெருங்க நெருங்கக் கூழ் ஃபேக்டரிகளின் புளித்த மாம்பழ வாடை பஸ்ஸுக்குள் ஏறிற்று. அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீயும் நானும் ஒரே ஹால்தானே?"

"நம்பர் வேறடா. நீ மாடில, நா கீழ."

"அப்போ யார் தட்டுவா?" என்றான்.

எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. "பைத்தியமாடா உனக்கு? யாரும் தட்ட வேணாம். அங்க எல்லாம் பிட்டு கொஸ்டின். நாலு ஆன்சர் குடுத்துருப்பான், ஒண்ண டிக் அடிக்கணும். முழுசும் சொல்லத் தேவையே இல்ல, நேரா நடுவுல போய்ப் பாரு, போதும்," என்று கத்தினேன்.

"நடுவுல எப்படிப் போறது?" என்றான். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறங்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தான்.

மாடியில் நடந்ததை அவனோடு எழுதிய ஒரு பெண் பிறகு சொன்னாள். முதல் பிட்டுக்கே அவன் வாய் அசைய ஆரம்பித்திருக்கிறது. கண்காணிப்பாளர் புது ஆள். பக்கத்தில் வந்து, "பெதவுலு கதபகூடது" என்றாராம். உதடு அசையக் கூடாது. அவன் வாயை மூடிக்கொண்டான். வாய் மூடினதோடு அவனுக்கு எல்லாம் மூடிக்கொண்டது. மணி அடிக்கிற வரைக்கும் இரண்டு கையாலும் உதட்டை அழுத்திப் பிடித்தபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தானாம். கீழே என் தாளில் அந்தத் தொகைக் கணக்கின் நடு வரி மட்டும் ஒரு பிட்டாக வந்திருந்தது. பார்த்தவுடன் போட்டேன்.

எனக்கு சீட்டு கிடைத்தது. ரேங்க் போட்ட பட்டியலில் அவன் பெயரே இல்லை. லெக்சரர் அச்சுப் பிழை என்றார்.

நான் காக்கிநாடாவில் கல்லூரி சேரப் புறப்படுவதற்கு முன்னால் கோயிலில் உற்சவம். நைனாவும் நானும் தேங்காய்த் தட்டோடு வீதியோரம் நின்றோம். பெருமாளுக்கு முன்னால் கோஷ்டி வந்தது. இரண்டு வரிசை, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு. இளவட்டமெல்லாம் வெளியூர் போய்விட்டதால் நரைத்த தலைகளுக்கு நடுவில் அவன் ஒருத்தன் தலைதான் கறுப்பு. அவன் குரல்தான் எல்லாரையும் தூக்கிக்கொண்டு போயிற்று. கேட்க நன்றாக இருந்தது. பரீட்சை போனால் போகட்டும், இவனுக்கு இது இருக்கிறதே என்று நான் மனசார நினைத்தேன்.

எங்களுக்கு நேரே வந்தபோது ஒரு வரியின் உச்சத்தில் நின்றுவிட்டான். கோஷ்டி மேலே போயிற்று. அவன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அவன் வாயிலிருந்து அதே ராகத்தில், வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி, "மைனஸ் ஐ" என்று வந்தது. மறுபடியும் ஒரு தரம், "மைனஸ் ஐ". கோஷ்டி நின்றுவிட்டது. அந்தப் பெரியவரின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. கோஷ்டியின் மூத்தவர் மெதுவாக, "கொஞ்ச நாள் ஆத்துலயே இருக்கட்டும்" என்றார்.

நான் காக்கிநாடாவில் படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கம்பெனி அனுப்பி வெளிநாடு சுற்றி, கல்யாணமாகிக் குழந்தை பெற்றேன். அவன் நுழைவுத் தேர்வை மறுபடி எழுதுகிறவர்களுக்கான லாங்டெர்ம் கோச்சிங்கில் சேர்ந்தான் என்று நைனா ஒரு தடவை சொன்னார். அப்புறம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு நைனாவை என்னோடு வந்துவிடச் சொல்லி ஒவ்வொரு லீவுக்கும் சண்டை. ரிட்டயர்டு ஆனவருக்கு அந்த லைன் வீட்டில் என்ன வேலை? முழங்கால் வலி என்பார், தண்ணி ஒத்துக்காது என்பார். கடைசியில் நானே போய், வீட்டுக்காரரிடம் சாவி ஒப்படைக்கிற நாளைச் சொல்லி, சாமான்களை மூட்டை கட்டி மூலையில் வைத்தேன். நைனா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய இடத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

விடியற்காலையில் குரல் கேட்டது.

"லெட் ஐ ஈக்வல் டு..."

கனவு என்றுதான் முதலில் நினைத்தேன். குரல் தடித்து வயசாகியிருந்தது. ராகம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வரியும் இரண்டு தரம். "அகெய்ன்..." என்று உயர்ந்து நின்றது. இருட்டில் நைனாவின் கை கண் திறக்காமலே நீண்டு சுவரைத் தட்டியது. டொக், டொக். குரல் மேலே போயிற்று.

"எத்தினி நாளா நைனா?" என்று கேட்டேன்.

"நீ காலேஜிக்குப் போன நாளு தொட்டு. தட்டலன்னா மொதல்லேர்ந்து வருவான். நாளெல்லாம் வந்துக்கினே இருப்பான், சோறு துன்ன மாட்டான். பெரியவரு படுத்த படுக்கையா கீறாரு, அவரு தட்டுனா ஒத்துக்க மாட்டான். இந்தப் பக்கத்துலேர்ந்துதான் வரணும்."

"நாளைக்கு யாரு தட்டுவாங்க?"

"அத்ததான் நானும் ரோசன பண்ணிக்கினு கீறேன்."

"ப்ளஸ் ஸீ" வந்தது. கணக்கையே தினமும் இரண்டு தரம் சொல்வான் போலிருக்கிறது, மறுபடியும் முதல் வரி. எனக்குள் அந்தப் பழைய பிடிவாதம் எழுந்தது. இருபது பேருக்கு வேலை சொல்கிறவள் நான், இதற்கா பயப்படுவேன்? அந்த இடம் நெருங்கியதும் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கு தட்டாம பாக்கலாம் நைனா. தானா வருவான். வரணும்."

"அகெய்ன்..."

நாங்கள் தட்டவில்லை. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. நைனாவின் நாடி என் விரலடியில் துடித்தது. கொஞ்ச நேரத்தில் சுவரின் அடிப்பக்கம், தரையோரமாக, பலமில்லாத ஒரு கை தட்டியது. டொக், டொக். படுக்கையில் கிடக்கிற கை.

"அவன் இல்லம்மா," என்றார் நைனா. "பெரியவரு. நம்மளக் கேக்கறாரு."

நான் அவர் கையை விட்டேன். பிறகு நானே சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு மூச்சு விட்டு அவன் அடுத்த வரிக்குப் போனான். நைனா எழுந்து விளக்கைப் போட்டார். மூலைக்குப் போய், நான் இறுக்கிக் கட்டியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.